மானியக் கடனா, முத்ராவா, குழுக் கடனா? தொழில் தொடங்கும் பெண் எதைத் தேர்வது

மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு பெயர் சொல்கிறார்கள். வங்கியில் வேறொன்று. குழுக் கூட்டத்தில் இன்னொன்று. பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்), யு.ஒய்.இ.ஜி.பி. (வேலையற்ற இளைஞர்களுக்கான மாநிலத் திட்டம்), நீட்ஸ் (புதிய தொழில்முனைவோருக்கான மாநிலத் திட்டம்), பி.எம்.எஃப்.எம்.இ. (சிறு உணவுத் தொழில்களுக்கான மத்தியத் திட்டம்), முத்ரா (அடமானமில்லாச் சிறு தொழில் கடன்), சுய உதவிக் குழு வழியாக வரும் குழுக் கடன் என்று பட்டியல் நீளுகிறது. எதற்கு விண்ணப்பிப்பது என்று தெரியாமல் நிற்கும் பெண்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றைத்தான்: எதில் மானியம் அதிகம்?

அங்கிருந்து தொடங்கினால் பொருந்தாத திட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரும். 35 சதவீத மானியம் என்றால் அந்தப் பணம் கைக்கு வந்துவிடாது. வங்கியில் மூன்று ஆண்டு கிடந்து, தொழில் அதுவரை ஓடினால்தான் அது உங்களுடையது. தீபாவளிக்கு முன் சேலை எடுத்து விற்க நினைப்பவருக்கு அது உதவாது. மாவு மில் போட நினைப்பவருக்கோ அதைவிட நல்ல வழி வேறில்லை. ஆகவே சதவீதத்தைக் கடைசியில் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் பெயரில் சிறு தொழில் தொடங்கவோ பெருக்கவோ இருக்கும் வழிகளை முதலில் எடை போடுவோம்.

## விண்ணப்பத்துக்கு முன் விடை தெரிய வேண்டியவை

செய்து விற்கிறீர்களா, வாங்கி விற்கிறீர்களா? உற்பத்தி, சேவை, வியாபாரம் மூன்றையும் திட்டங்கள் வேறு வேறாகப் பார்க்கின்றன. தைத்துக் கொடுப்பது சேவை. நைட்டி தைத்து மொத்தமாக விற்பது உற்பத்தி. ஈரோட்டில் வாங்கி ஊரில் விற்பது வியாபாரம். ஒரே தையல் மிஷினை வைத்துக்கொண்டு மூன்றையும் செய்யலாம், ஆனால் விண்ணப்பத்தில் எதை எழுதுகிறீர்களோ அதை வைத்துத்தான் உச்சவரம்பும் மானியமும்.

புதிய தொழிலா, நடப்பதா? பெரிய மானியங்களில் பல, புதிய தொழிலுக்கு மட்டும். உதயம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு), ஜி.எஸ்.டி. எண், தொழில் பெயரில் நடப்புக் கணக்கு இவை ஏற்கெனவே இருந்தால் “இது பழைய தொழில்” என்று விண்ணப்பம் திரும்பலாம். ஆர்வத்தில் முதலில் பதிவை முடித்துவிட்டு அப்புறம் மானியத்துக்குப் போகிறவர்கள் சறுக்கும் இடம் இது.

பட்டறை யார் எல்லையில் இருக்கிறது? ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியா என்பதைப் பொறுத்து பி.எம்.இ.ஜி.பி.யில் மானியம் பத்து சதவீதம் ஏறும் இறங்கும்.

கேட்கும் பணத்தில் இயந்திரம் எவ்வளவு, சரக்கு எவ்வளவு? சில திட்டங்கள் இரண்டுக்கும் மானியம் தரும், சில இயந்திரத்துக்கு மட்டும்.

பணம் எந்த மாதம் வேண்டும்? மானியக் கடன் என்றால் மாதக்கணக்கு. காத்திருக்கும் மாதங்களுக்கு வாடகை, அட்வான்ஸ் எல்லாம் யார் கொடுப்பது என்று பாருங்கள்.

வீட்டில் வேறு யாராவது வாங்கியிருக்கிறார்களா? கணவர் பெயரில் முன்பே பி.எம்.இ.ஜி.பி. வாங்கியிருந்தால் மனைவிக்குக் கிடையாது. அங்கே குடும்பம் என்றால் விண்ணப்பிப்பவரும் வாழ்க்கைத் துணையும்.

கடைசியாக சிபில். உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம். நுண்கடன் நிறுவனத்தில் தவறிய தவணை, நகைக்கடன் பாக்கி, உறவினருக்குப் போட்ட ஜாமீன் எல்லாம் அதில் நிற்கும். வங்கி பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால், அதைத் திருத்தவே சில வாரங்கள் பிடிக்கும்.

## ஒரு பார்வையில்

| வழி | அளவு | பெண்ணுக்கு மானியம் அல்லது சலுகை | கைப்பணம் (நீங்கள் போடும் பங்கு) | முக்கியக் கட்டுப்பாடு |
|---|---|---|---|---|
| பி.எம்.இ.ஜி.பி. | உற்பத்தி 50 லட்சம், சேவை 20 லட்சம் வரை | ஊரகம் 35%, நகர்ப்புறம் 25% | 5% | புதிய தொழில் மட்டும் |
| யு.ஒய்.இ.ஜி.பி. | 15 லட்சம் வரை | 25%, அதிகபட்சம் 3.75 லட்சம் | 5% | 8ஆம் வகுப்பு, 55 வயது, குடும்ப ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் |
| பி.எம்.எஃப்.எம்.இ. | உணவுத் தொழில் | 35%, அதிகபட்சம் 10 லட்சம் | குறைந்தது 10% | இயந்திரம், அதற்கான கட்டுமானத்துக்கு மட்டும் |
| நீட்ஸ் | 10 லட்சம் முதல் 5 கோடி வரை | 25%, அதிகபட்சம் 75 லட்சம். 3% வட்டிச் சலுகை | 5% | கல்வித் தகுதி, முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் |
| முத்ரா | 10 லட்சம் வரை. தருண் என்ற 10 லட்ச வகைக் கடனைச் சரியாகக் கட்டி முடித்தவருக்கு 20 லட்சம் | மானியம் இல்லை | வங்கியைப் பொறுத்தது | அடமானம் கிடையாது |
| குழுக் கடன் | குழுவுக்கு 20 லட்சம் வரை அடமானமின்றி | 3 லட்சம் வரை 7% வட்டி | 10 லட்சம் வரை இல்லை | குழு ஒழுங்காக நடக்க வேண்டும் |

பி.எம்.இ.ஜி.பி.யும் பி.எம்.எஃப்.எம்.இ.யும் 2025-26 நிதியாண்டு வரைக்குமான ஒப்புதலில் இயங்கியவை. விண்ணப்பிக்கும் நாளில் மாவட்டத்தின் இலக்கு (ஆண்டுக்கு எத்தனை பேருக்குத் தரலாம் என்ற எண்ணிக்கை) திறந்திருக்கிறதா, விதிகள் மாறினவா என்று தொழில் மையத்தில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

## பி.எம்.இ.ஜி.பி.: கிராமத்தில் இயந்திரம் வைக்கும் பெண்ணுக்கு

2008 முதல் நடக்கும் மத்தியத் திட்டம். காதி ஆணையம், காதி வாரியம், மாவட்டத் தொழில் மையம் மூன்றில் எதன் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பெண் என்றாலே சிறப்புப் பிரிவு. சாதிச் சான்று இல்லாமலே கூடுதல் மானியமும் 5 சதவீதக் கைப்பணச் சலுகையும் உண்டு. வருமான வரம்பு இல்லை, 18 வயது நிறைந்தால் போதும். உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேல் போனால்தான் எட்டாம் வகுப்புச் சான்று கேட்பார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஊராட்சி எல்லைக்குள் மாவு, மசாலா அரைக்கும் தொழில். இயந்திரமும் ஷெட்டும் 4 லட்சம், மிளகாய், மல்லி சரக்குக்கு 2 லட்சம், மொத்தம் 6 லட்சம். நீங்கள் போடுவது 30,000 ரூபாய். வங்கி தருவது 5.70 லட்சம். மானியம் 2.10 லட்சம். இந்த 2.10 லட்சம் உங்கள் பெயரில் மூன்று ஆண்டு வைப்பாக வங்கியிலேயே இருக்கும். அதற்கு வட்டி வராது, அதே அளவு கடனுக்கு வங்கியும் வட்டி போடாது. ஆக வட்டி ஓடுவது 3.60 லட்சத்துக்கு. 11 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 7,830 ரூபாய். தொழில் இடையில் நின்று, மானியம் திரும்பிப் போனால் முழு 5.70 லட்சமும் கடன்தான். அதற்குத் தவணை சுமார் 12,390 ரூபாய் என்று கணக்கு வரும். கடனை எடுக்குமுன் இந்த இரண்டாவது எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

வெளியே தெரியாத செலவுகள் இந்தத் திட்டத்தில் அதிகம்.

முதலாவது, மானியம் வந்து சேரும்வரையிலான வட்டி. வங்கி முதல் தவணைக் கடனை விடுவித்த பிறகுதான் மானியத்தைக் கேட்டு அனுப்பும். வரும்வரை வட்டி முழுத் தொகைக்கும் ஓடும். மேலே சொன்ன உதாரணத்தில் 2.10 லட்சத்துக்கு மாத வட்டி 1,925 ரூபாய். கிளையில் கோரிக்கையை அனுப்பாமல் இரண்டு மாதம் விட்டால் அந்த நஷ்டம் உங்களுடையது. தொழில்முனைவோர் பயிற்சி முடியாமல் மானியக் கோரிக்கை போகாது. 2 லட்சம் வரையான திட்டங்களுக்குப் பயிற்சி கட்டாயமில்லை, 5 லட்சம் வரை 5 நாள், அதற்கு மேல் 10 நாள். இணையவழியிலும் இலவசமாக முடிக்கலாம். கடன் ஒப்புதல் வந்த அன்றே அதைத் தொடங்கிவிடுவது நல்லது.

இரண்டாவது, நடப்பு மூலதன விதி. இதைக் கடன் கொடுக்கும்போது யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. சரக்குக்கான கடன் வரம்பை மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையாவது முழுமையாகத் தொட்டிருக்க வேண்டும். பயன்பாடு அனுமதித்த வரம்பில் 75 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. குறைந்தால் அந்த விகிதத்துக்கு மானியத்தை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். மானியம் கூடும் என்று சரக்குக் கடனைப் பெருக்கிக் கேட்டு, பிறகு பயந்து பயன்படுத்தாமல் வைத்திருப்பவர்கள் இதில் அடிபடுகிறார்கள். வேண்டிய அளவுக்கு மட்டும் கேளுங்கள்.

மூன்றாவது, ஊரகமா நகரமா என்ற சிக்கல். 2022இல் விதிகளைத் திருத்தியபோது பஞ்சாயத்து அமைப்புகளின் கீழுள்ள பகுதி ஊரகம், நகராட்சிப் பகுதி நகர்ப்புறம் என்று வைத்தார்கள். தமிழ்நாட்டில் பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சி. பார்வைக்குக் கிராமம் போல இருக்கும் பேரூராட்சியில் 35 சதவீதத்தை நம்பி வாடகை ஒப்பந்தம் போட்டுவிட்டு, பிறகு 25தான் என்று தெரிந்தால் மேலே சொன்ன உதாரணத்தில் 60,000 ரூபாய் குறையும். ஊரகச் சான்று கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.

நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. ஷெட் வாடகையைச் சேர்க்கலாம், மூன்று ஆண்டுக்கு மட்டும். பிறகு அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள். இயந்திரம் கொட்டேஷனில் உள்ளதுதானா, திட்டத்தின் பெயர்ப்பலகை வாசலில் இருக்கிறதா, தொழில் ஓடுகிறதா என்று சரிபார்த்தால்தான் மானியம் கடனில் வரவு வைக்கப்படும். வீட்டைக் காலி செய்து வேறு ஊருக்குப் போகும் வாய்ப்பு உள்ளவர்கள், திருமணமாகிப் போக இருப்பவர்கள் இந்த மூன்று ஆண்டுக் கட்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாங்கி விற்கும் கடைக்கு இது பெரும்பாலும் கிடைக்காது. மற்றபடி ஊராட்சியில் இயந்திரம் போட்டுப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். மூன்று ஆண்டு தாண்டி நன்றாக நடந்தால், விரிவாக்கத்துக்கு இரண்டாவது கடனும் 15 சதவீத மானியமும் உண்டு.

## யு.ஒய்.இ.ஜி.பி.: நகரத்திலும் கடையிலும்

மாநில அரசின் திட்டம், மாவட்டத் தொழில் மையம் வழியாக. ஊரகம், நகரம் என்ற பேதம் இல்லாமல் 25 சதவீதம். கிராமத்தில் பி.எம்.இ.ஜி.பி.யின் 35க்கு முன் இது தோற்கும். நகரத்தில் இரண்டும் ஒன்றே. அங்கே எதில் இந்த ஆண்டு இலக்கு மீதியிருக்கிறதோ அதில் போடுங்கள். பேரூராட்சிச் சிக்கலும் இங்கே இல்லை.

வியாபாரத்துக்கும் இதில் இடம் உண்டு என்பதுதான் பெரிய வேறுபாடு. மளிகை, ஃபேன்சி ஸ்டோர், ஜவுளிக் கடை போட நினைக்கும் பெண்ணுக்கு மானியத்தோடு கூடிய கடன் என்றால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி, குடும்ப வருமானம் 5 லட்சத்துக்குள், தமிழ்நாட்டில் மூன்று ஆண்டு வசிப்பு ஆகியவை தேவை. பெண்களுக்கு வயது 55 வரை. எட்டாம் வகுப்பு முடிக்காதவர் இங்கே விண்ணப்பித்து நேரத்தை இழக்க வேண்டாம். 10 லட்சத்துக்குள் உற்பத்தி என்றால் பி.எம்.இ.ஜி.பி. படிப்புக் கேட்பதில்லை.

## பி.எம்.எஃப்.எம்.இ.: ஏற்கெனவே அடுப்பு எரிகிறவருக்கு

ஊறுகாய், அப்பளம், வற்றல், முறுக்கு, மசாலா, சிறுதானிய மாவு, செக்கு எண்ணெய் என்று வீட்டிலேயே செய்து விற்றுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு 2020இல் வந்த மத்தியத் திட்டம். நடக்கும் தொழிலுக்கும் மானியம் தருவதுதான் இதன் பலம். பி.எம்.இ.ஜி.பி.யில் “பழைய தொழில்” என்று திரும்பியவர்கள் இங்கே வரலாம்.

ஆனால் 35 என்ற எண் இரண்டிலும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இங்கே மானியம் இயந்திரத்துக்கும் அதற்கான கட்டுமானத்துக்கும் மட்டும். சரக்குக்கு இல்லை. அதே 6 லட்சத்தில் 4 லட்சத்துக்கு 35 சதவீதம் என்றால் 1.40 லட்சம். பி.எம்.இ.ஜி.பி.யில் 2.10 லட்சம் வந்தது. கைப்பணமும் 5 அல்ல, 10 சதவீதம். ஆகவே கிராமத்தில் புதிதாகத் தொடங்கும் உணவுத் தொழிலுக்கு பி.எம்.இ.ஜி.பி., நடக்கும் தொழிலில் கிரைண்டருக்கு அடுத்து பல்வரைசரும் பேக்கிங் மிஷினும் வாங்க இது.

குழுவில் உறுப்பினராக இருந்துகொண்டு உணவுப் பண்டம் செய்பவருக்கு இன்னொரு வாசலும் உண்டு. சிறு கருவிகளுக்கும் சரக்குக்கும் ஓர் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி குழு வழியாகக் கடனாகக் கிடைக்கும். வங்கிக்குப் போகாமல் ஒரு வெட் கிரைண்டர் வாங்க அதுவே போதும்.

திட்ட அறிக்கை எழுதவும் வங்கியோடு பேசவும் மாவட்ட வள நபர் ஒருவர் இத்திட்டத்தில் இருக்கிறார். கடன் ஒப்புதலாகும்போது அவருக்கான ஊதியத்தைத் திட்டமே தருகிறது. நீங்கள் பணம் கொடுக்கத் தேவையில்லை, கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

## நீட்ஸ்: பத்து லட்சத்தைத் தாண்டும்போது

மாநிலத் திட்டம், 2012-13இல் தொடங்கியது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு. பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வங்கி தயங்கினால் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்திலும் கடன் கேட்கலாம்.

40 லட்ச ரூபாய் உற்பத்தித் தொழில் என்று வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பி.எம்.இ.ஜி.பி.யில் ஊரகம் என்றால் மானியம் 14 லட்சம், நகர்ப்புறம் என்றால் 10 லட்சம். நீட்ஸில் எங்கிருந்தாலும் 10 லட்சம், கூடவே தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீத வட்டிச் சலுகை. மானியமும் கைப்பணமும் போக 28 லட்சம் கடன் ஏழு ஆண்டில் படிப்படியாகக் குறைந்தால், அந்த 3 சதவீதம் மொத்தத்தில் சுமார் 2.9 லட்சம் ஆகும். ஆக கிராமத்தில் பி.எம்.இ.ஜி.பி. கொஞ்சம் முன்னே, நகரத்தில் நீட்ஸ் நன்றாகவே முன்னே. சேவைத் தொழில் 20 லட்சத்தைத் தாண்டினாலோ, உற்பத்தி 50 லட்சத்தைத் தாண்டினாலோ நீட்ஸ்தான் வழி.

பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் இரண்டையும் விட்டு முதலில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கேளுங்கள். 2023இல் வந்தது. 35 சதவீத மானியம், அதிகபட்சம் 1.5 கோடி, 6 சதவீத வட்டிச் சலுகை. மானியமே உரிமையாளரின் பங்காக எடுத்துக்கொள்ளப்படுவதால் கைப்பணம் திரட்டும் சுமை இல்லை. விரிவாக்கத்துக்கும் உண்டு. சொத்தோ சேமிப்போ இல்லாத வீட்டிலிருந்து வரும் பெண்ணைத் தடுப்பது பெரும்பாலும் அந்தக் கைப்பணம்தான். அதை இந்தத் திட்டம் நேராகக் கைவைத்து நீக்கியிருக்கிறது.

## முத்ரா: விரைவு, விடுதலை, மானியமில்லை

2015 ஏப்ரலில் தொடங்கியது. சிஷு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. அடமானம் கேட்கக் கூடாது. வியாபாரம், சேவை, உற்பத்தி எல்லாவற்றுக்கும் உண்டு. பழைய தொழிலும் வரலாம்.

மானியம் கிடையாது. “முத்ராவில் பாதி தள்ளுபடி வாங்கித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் அது மோசடி. இத்திட்டத்துக்கு முகவர்களும் கிடையாது.

2 லட்சத்தை 11 சதவீதத்தில் மூன்று ஆண்டுக்கு எடுத்தால் தவணை சுமார் 6,550 ரூபாய், மொத்த வட்டி 35,700 ரூபாய் அளவுக்கு வரும். இது மானியக் கடனோடு ஒப்பிட்டால் நஷ்டம் போலத் தெரியும். ஆனால் மூன்று ஆண்டுக் கட்டு இல்லை, பெயர்ப்பலகை இல்லை, ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பண்டிகைக்குச் சரக்கு எடுத்து, விற்று, சீக்கிரமே கடனை அடைத்துவிடும் வியாபாரத்துக்கு இதுதான் சரி. சிஷு கடனை எங்கே வாங்குகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். நுண்கடன் நிறுவனங்களும் இதே பெயரில் தருகின்றன, அங்கே வட்டி வங்கியைவிடக் கணிசமாக அதிகம்.

## குழுக் கடன்: மலிவானது, ஆனால் தனியாள் கடன் அல்ல

தமிழ்நாட்டின் சுய உதவிக் குழு இயக்கம் 1989இல் தருமபுரியில் தொடங்கியது. இத்தனை ஆண்டு கழித்தும் வட்டி விஷயத்தில் பெண்களுக்கு இதைவிட மலிவான வழி வரவில்லை. குழுவுக்கு 3 லட்சம் வரை 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டும் குழுவுக்கு அதிலும் குறைப்பு உண்டு. ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழு விண்ணப்பிக்கலாம். முதல் கடன் குழுவின் நிதியைப் போல ஆறு மடங்கு அல்லது 1.5 லட்சம், எது அதிகமோ அது.

சிக்கல் அளவில்தான். 3 லட்சத்தைப் பன்னிரண்டு பேர் பிரித்தால் ஆளுக்கு 25,000. தையல் மிஷின் வாங்கலாம், இட்லி மாவுக்கு கிரைண்டர் வாங்கலாம், ஆடு வாங்கலாம். பட்டறை போட முடியாது. சில குழுக்களில் தொழில் செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அதிகமாகவும் மற்றவர்களுக்குக் குறைவாகவும் பிரிக்கிறார்கள். தீர்மான நோட்டில் யாருக்கு எவ்வளவு, எந்தத் தொழிலுக்கு என்று தெளிவாக எழுதி எல்லோரும் கையெழுத்திட்டால் இது நல்ல ஏற்பாடு. உறுப்பினர் பெயரில் எடுத்து வாய்ப்பேச்சில் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. ஊக்குநரும் பிரதிநிதிகளும் நல்லவர்களாக இருக்கும் குழுவையே அது உடைத்துவிடும்.

ஒருவர் கட்டாவிட்டால் குழுவே பாக்கி. அப்போது வட்டிக் குறைப்பும் போகும், அடுத்த கடனும் தள்ளும். வாரக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுதல், கணக்கு எழுதுதல் ஐந்தும் தவறாமல் நடக்கிற குழுவா என்று பார்த்தே சேருங்கள்.

ஒரு உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள். குழுக் கடனுக்கு 20 லட்சம் வரை அடமானமும், 10 லட்சம் வரை கைப்பணமும் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கக் கூடாது, வைப்புத்தொகை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கிளையில் இவற்றைக் கேட்டால் மகளிர் திட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள்.

எந்தத் தொழில் நமக்கு வரும் என்று இன்னும் தெரியாதவர், முதல் 25,000-ஐக் குழுவில் எடுத்து ஓராண்டு ஓட்டிப் பார்ப்பது நல்லது. கணக்கு நோட்டும் சிபிலும் தயாரான பிறகு மானியக் கடனுக்குப் போனால் வங்கியில் பேசவும் தைரியம் வரும்.

## இன்னும் இரண்டு

கலைஞர் கைவினைத் திட்டம்: 35 வயது நிறைந்த, தையல், மண்பாண்டம், கூடை முடைதல் உள்ளிட்ட 25 தொழில் செய்பவர்களுக்கு. 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000, கூடவே 5 சதவீத வட்டிச் சலுகை. 2 லட்சம் வரைதான் மானியம் முழு விகிதத்தில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் பெண்களுக்கென்றே 10 லட்சம் வரை கடனும் 20 சதவீத மானியமும் தரும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. வருமானத்தாலோ படிப்பாலோ மற்றவற்றில் தகுதி பெறாதவர்கள் தொழில் மையத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

## எந்த வழியில் போனாலும் வரும் செலவுகள்

உதயம் பதிவு இலவசம். பி.எம்.இ.ஜி.பி. விண்ணப்பமும் இலவசம். இவற்றுக்குக் கட்டணம் வாங்கும் கடைகள் வாங்குவது தட்டச்சுக் கூலி மட்டுமாக இருக்கட்டும். மானியத்தில் பங்கு கேட்பவரிடம் ஆதார் நகலைக்கூட விடாதீர்கள்.

இயந்திரத்தின் மீதான ஜி.எஸ்.டி.யைக் கணக்கில் எடுங்கள். நீங்கள் ஜி.எஸ்.டி. பதியாதவர் என்றால் அந்த வரி திரும்பாது, அது இயந்திரத்தின் விலையேதான். கொட்டேஷனில் வரியோடு சேர்ந்த விலை இருக்கிறதா, வந்து பொருத்தும் கூலி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒப்புதல் வருவதற்குள் விலை ஏறினால் கூடுதல் தொகை உங்கள் கையிலிருந்துதான். பணத்தை வங்கி நேராக இயந்திரக் கடைக்கே அனுப்பும்.

மூன்று முனை மின் இணைப்பு, அதன் வைப்புத்தொகை, உள்ளாட்சி உரிமம், சரக்குக்கும் இயந்திரத்துக்கும் காப்பீடு, அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுதோறும் உத்தரவாதக் கட்டணம் எல்லாம் திட்ட அறிக்கையில் பெரும்பாலும் விட்டுப்போகிறவை. உணவுப் பாதுகாப்பு அடிப்படைப் பதிவு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், ஆனால் அது இல்லாமல் கடைக்காரர் பாக்கெட்டை வாங்க மாட்டார். தவணை தொடங்கும் மாதத்தையும் எழுதி வாங்குங்கள். அதற்கு முன் தரும் விடுப்பு மாதங்களில் தவணை இல்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு பெயரை மட்டும் கொடுப்பது. பெண் பெயரில் போட்டால் மானியம் கூடும் என்று கணவரோ அண்ணனோ தொழிலை நடத்தி, கையெழுத்து மட்டும் உங்களுடையது என்றால், தொழில் நொடித்த அன்று நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். உங்கள் சிபில் கெடும், உங்களுக்கென்று இருந்த ஒரே மானிய வாய்ப்பும் போய்விடும். அப்படிக் கேட்கப்பட்டால் குறைந்தது வங்கிக் கணக்கை இயக்கும் உரிமை, காசோலைப் புத்தகம், வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு எல்லாம் உங்கள் பெயரிலும் உங்கள் கையிலும் இருக்கட்டும். உரிமை உண்மையிலேயே உங்களுடையதாக இருந்தால் பின்னால் அதற்குப் பலனும் உண்டு: மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 3 சதவீதத்தைப் பெண்களின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது.

## வங்கி மறுத்தால்

25 லட்சம் வரையான குறு, சிறு தொழில் கடன் விண்ணப்பத்துக்கு 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. விண்ணப்பத்தைக் கொடுத்த அன்றே ஒப்புகைச் சீட்டு வாங்கினால்தான் அந்த நாளை எண்ண முடியும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். “அடமானம் இல்லை” என்பதே காரணம் என்றால், 10 லட்சத்துக்குள் அது செல்லாத காரணம். மாவட்டத்தில் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் அந்தக் கடிதத்தோடு போகலாம். சிபில், கொட்டேஷன், இடம் ஆகியவை காரணம் என்றால் அவற்றைச் சரிசெய்துவிட்டு மீண்டும் போடலாம்.

பி.எம்.இ.ஜி.பி. விண்ணப்பத்தில் மாற்று வங்கி என்று இரண்டாவது கிளையின் பெயரும் கேட்பார்கள். பலர் முதலில் எழுதிய வங்கியின் பக்கத்துக் கிளையையே அங்கும் எழுதிவிடுகிறார்கள். வேறு வங்கியாகப் பாருங்கள். பட்டறைக்கு அருகில் இருப்பதாகவும், முடிந்தால் உங்கள் குழுவின் கணக்கு உள்ளதாகவும் இருக்கட்டும். முதல் கிளை திருப்பியதும் தொழில் மையத்தில் சொல்லி விண்ணப்பத்தை அங்கே அனுப்பச் செய்யுங்கள்.